அலர் முதல் அவதூறு வரை: நற்பெயர்க் கேட்டைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் தோற்றமும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரின் நற்பெயருக்குக் கேடு விளைக்கும் பேச்சைக் குறிக்கத் தமிழில் அலர், அம்பல், கௌவை, புறங்கூறல், குறளை, கோள், வசை, பழி, அவதூறு எனப் பல சொற்கள் வழங்கியுள்ளன. இவற்றுள் பழஞ்சொற்கள் பல, சொல்லப்பட்டது உண்மையா பொய்யா என்பதைத் தம் பொருளில் ஏற்கவில்லை. பேச்சு எவ்வாறு பரவியது, யார் முன் நிகழ்ந்தது, யாரைப் பிரித்தது என்பவற்றையே அவை சுட்டுகின்றன. இன்று சட்டச் சொல்லாக நிலைபெற்றுள்ள ‘அவதூறு’ மட்டும் பொதுவழக்கில் பொய் என்னும் கருத்தை உடன்கொண்டு வருகிறது. இச்சொற்களின் பொருள் அடிப்படைகளையும், அவை சட்டத்தின் கருத்தோடு பொருந்தும் இடங்களையும் பொருந்தாத இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அலர், அம்பல், வசை, பழிகரப்பு, குறளை, தூற்றுதல், அவதூறு, மானநட்டம்

முன்னுரை

‘உள்ளதைச் சொன்னால் அது எப்படி அவதூறு ஆகும்?’ என்னும் வினா தமிழ் பேசுவோரிடையே இயல்பாக எழுவது. அவ்வினாவில் ஒரு சொற்பொருள் முடிவு மறைந்துள்ளது: அவதூறு என்றாலே பொய். ஆனால் அவதூறு என்று தமிழில் பெயர்க்கப்படும் குற்றத்தை வரையறுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் பொய் என்னும் சொல்லுக்கு இடமில்லை. ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு, அவருடைய நற்பெயருக்குக் கேடு விளைக்கும் நோக்கத்துடனோ அறிவுடனோ வெளியிடப்பட்டால் போதும். உண்மை என்பது அச்சட்டத்தின் பத்து விதிவிலக்குகளுள் முதலாவதில்தான் வருகிறது. அங்கும் அது தனித்து நிற்பதில்லை. பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்னும் நிபந்தனையும் உடன்வருகிறது. ஒரு மொழியின் சொல்லும் ஒரு சட்டத்தின் கருத்தும் இவ்வாறு விலகி நிற்பது மொழிபெயர்ப்பாளரின் பிழை மட்டுமன்று. அவ்விலகலுக்குப் பின்னால் சொற்களின் நெடிய வரலாறு உண்டு.

அம்பலும் அலரும்

நற்பெயர்க் கேடு பற்றிய தமிழ்ச் சொற்களுள் மிகப் பழையவை அகப்பொருள் மரபில் வந்தவை. தலைவன் தலைவியரின் களவொழுக்கத்தை ஊரார் அறிந்து பேசுவதே அம்பல், அலர் எனப்பட்டது. களவு வெளிப்படுவதற்கு இவ்விரண்டும் வாயில்கள் என்பது தொல்காப்பியக் களவியலின் கருத்து. இரண்டும் ஒருபொருட் பன்மொழி அல்ல. இறையனார் அகப்பொருள் உரை இவற்றை வேறுபடுத்துகிறது: சொல்லாக வெளிப்படாமல் முகிழ்த்த நிலையில் நிற்பது அம்பல், இன்னாரிடையே இன்னது என்று சொல் வெளிப்பட நிகழ்வது அலர். மொட்டும் மலரும் போன்ற வேறுபாடு இது. அலர்தல் என்னும் வினை மலர்தலைக் குறிப்பதே. ஒருவரின் மறைவான வாழ்க்கை பிறர் வாயில் ‘பூப்பது’ என்னும் உருவகம் அச்சொல்லிலேயே உள்ளது.

அலர் பொய்யன்று என்பது இங்குக் கருதத்தக்கது. ஊரார் பேசுவது நடந்த ஒன்றைத்தான். தலைவியின் காதல் உண்மை. தலைவன் வந்து சென்றதும் உண்மை. ஆயினும் அவள் அஞ்சுகிறாள், தாய் சினக்கிறாள், காவல் மிகுகிறது. கேடு விளைப்பது பொய்ம்மை அன்று, வெளிப்படுதலே. உண்மையான செய்தி உரியவர் அல்லாதாரிடம் சென்று சேர்வதையே தலைவி துன்பமாக உணர்கிறாள். இக்காலத்தார் தனியுரிமை மீறல் என்று கூறும் கருத்துக்கு அலர் மிக அருகில் நிற்கிறது. பொய்க் குற்றச்சாட்டு என்னும் கருத்திலிருந்து அது தொலைவில் உள்ளது.

அலரோடு சேர்ந்து வரும் கௌவை என்னும் சொல், கவ்வை என்றும் வழங்குவது, ஆரவாரத்தையும் பழிமொழியையும் ஒருங்கே குறிக்கும். பேச்சின் உள்ளடக்கத்தைவிட அதன் ஒலியளவே இச்சொல்லில் முதன்மை பெறுகிறது. பரணரின் குறுந்தொகைப் பாடல் ஒன்று (393) இதற்கு நல்ல சான்று. தலைவன் தழுவிய நாள்கள் சிலவே. அதனால் எழுந்த அலரோ, வாகைப் போர்க்களத்தில் அதிகன் யானையோடு வீழ்ந்தபோது கொங்கர் எழுப்பிய ஆரவாரத்தினும் பெரிது என்று அங்குக் கூறப்படுகிறது. அலர் அளக்கப்படுவது ஒலியால்; அதன் உண்மைத்தன்மையால் அன்று. காரணம் சிறிது, ஒலி பெரிது என்னும் இந்த முரணே அலரின் இலக்கணம் எனலாம். அலரால் காமம் மிகும் என்று கற்பியல் கூறுவதையும், திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரம் ஊரார் கௌவையைக் காமப்பயிருக்கு எருவாகவும் அன்னையின் சொல்லை நீராகவும் காண்பதையும் நோக்கினால், அகமரபில் இச்சொற்கள் முழுமையாக எதிர்மறைப் பொருளுடையன அல்ல என்பதும் விளங்கும். கேடு செய்வதாகக் கருதப்படும் பேச்சு, கேட்டுக்கு உள்ளானவர்க்கே நன்மையாக முடிவதுண்டு. சட்டச் சொல்லகராதிகள் எவற்றிலும் இடம்பெற இயலாத பொருள் நுட்பம் இது.

முதுகுக்குப் பின்னும் செவிக்கு முன்னும்

புறங்கூறல் என்பதில் புறம் என்பது முதுகையும் வெளியையும் குறிக்கும். சொல்லப்படுபவர் இல்லாத இடத்தில் இகழ்ந்துரைத்தல் என்பதே பரிமேலழகர் இதற்குக் காணும் பொருள். இச்சொல்லும் உண்மை பொய் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. நேர்நின்று இரக்கமின்றிக் கடிந்து பேசினும் அமையும், எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பின்விளைவு கருதாமல் பேசலாகாது என்னும் வள்ளுவரின் நிலைப்பாடு (184), குற்றத்தை இடத்தில் வைக்கிறது. மறுமொழி கூற இயலாதவரைப் பற்றிப் பேசுவதே அங்குத் தவறு. பேச்சு வழக்கில் உள்ள ‘புறணி பேசுதல்’ இதே அடியிலிருந்து வந்தது. மரப்பட்டையையும் தோலையும் குறிக்கும் புறணி என்னும் சொல் வம்புப் பேச்சுக்கும் ஆகி வந்துள்ளது.

குறளை என்பது அறநூல்களிலும் பௌத்த நூல்களிலும் பயிலும் சொல். பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்று சொல்லால் நிகழும் தீமைகளை நான்காக வகுக்கும் மரபு மணிமேகலையில் உள்ளது. பாலி நூல்கள் கூறும் நால்வகை வாய்க்குற்றங்களோடு இவை நிரல்படப் பொருந்துகின்றன. அவ்வரிசையில் குறளைக்கு நேரான பாலிச் சொல் ‘பிசுணா வாசா’, அதாவது நண்பரிடையே பிளவு உண்டாக்கும் பேச்சு. பொய்யும் குறளையும் வெவ்வேறு குற்றங்களாக எண்ணப்படுவதை இங்கு நோக்க வேண்டும். குறளை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மெய்யைச் சொல்லியும் இருவரைப் பிரிக்கலாம். திருக்குறளும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் புறங்கூறாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளது. பொய்யைக் கடிவது வேறு, பெயரைக் கெடுப்பதைக் கடிவது வேறு என்னும் தெளிவு அம்மரபில் இருந்தது.

கோள் என்னும் சொல்லின் ஆட்சியில் ‘மூட்டுதல்’ என்னும் வினை வந்து சேர்வது சுவையானது. தீயை மூட்டுவதுபோல் கோளையும் மூட்டுகின்றனர். கொன்றைவேந்தன் குறளையை நெருப்பாகவும், கோளை விரும்பும் செவியை அந்நெருப்பை வளர்க்கும் காற்றாகவும் இணைத்துக் காண்கிறது. சொல்பவனோடு கேட்பவனும் அங்குக் குற்றத்தில் பங்குபெறுகிறான். மூன்றாமவர் செவிக்கு எட்டினாலன்றி நற்பெயர்க் கேடு இல்லை என்பது இன்றைய சட்டத்தின் அடிப்படை. ஒருவரிடம் தனியாக அவரைப் பற்றியே இழிவாகப் பேசினால் அது அவமதிப்பு ஆகலாம். நற்பெயர்க் கேடு ஆகாது. சட்டம் ‘வெளியிடுதல்’ என்று கூறும் இக்கூறு, புறம் என்னும் சொல்லிலும் கோட்செவி என்னும் கருத்திலும் முன்பே அமைந்திருக்கிறது.

வம்பு, வதந்தி ஆகிய இரண்டையும் இங்கு ஒருசேரக் கூறலாம். வம்பு என்பதற்கு நிலையின்மை என்பது தொல்காப்பிய உரியியல் தரும் பொருள். நிலையில்லாத பேச்சு என்னும் கருத்து இன்றைய பொருளுக்கு வழிவகுத்திருக்கலாம். வதந்தி வடசொல். ‘சொல்கிறார்கள்’ என்னும் பொருள்படும் வினையோடு தொடர்புடையது. சொல்கிறவர் யார் என்பது அச்சொல்லில் இல்லை. பெயரில்லாத எழுவாயே வதந்தியின் வலிமை. ‘நான் கேட்டதைத்தான் சொன்னேன்’ என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மறுபடி சொன்னவரும் சொன்னவரே.

வசையும் பழிகரப்பும்

இசைக்கு எதிர்ச்சொல் வசை. இசை ஒலியையும் புகழையும் குறிப்பது. இறந்த பின்னும் எஞ்சி நிற்கும் இசையைப் பெறாமையே உலகத்தார்க்கு வசை என்று திருக்குறளின் புகழ் அதிகாரம் கொள்கிறது. அங்கு வசை என்பது பிறர் வைத ஒன்றன்று. புகழ் இல்லாத வெறுமை.

தொல்காப்பியச் செய்யுளியலில் வசை ஒரு கலைச்சொல்லாகவே வருகிறது. அங்கதம் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படும். பழிப்பை வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள், அதுவே வசை. பழிப்பை மொழிக்குள் மறைத்துச் சொல்வது பழிகரப்பு. இப்பகுப்பு இலக்கிய உத்தி பற்றியது என்றே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அதன் உள்ளீடு இன்றைய நீதிமன்றங்களில் நாள்தோறும் எழும் சிக்கல்தான். புகழ்வதுபோல் பழிப்பது, வினாவாகக் கேட்டு ஐயத்தை விதைப்பது, பெயர் குறிப்பிடாமல் அடையாளம் காட்டுவது ஆகியன வெளிப்படைச் சொல்லளவில் குற்றமற்றவை. 499ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கம் இதனை முன்னறிந்து, மாற்று வடிவில் அமைந்த குற்றச்சாட்டும் எள்ளலாகச் சொல்லப்பட்டதும் நற்பெயர்க் கேடு ஆகலாம் என்கிறது. அவ்விளக்கத்துக்குத் தமிழில் ஒரு தலைப்பு வேண்டுமெனில் ‘பழிகரப்பு’ என்பதைக் காட்டிலும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. இருப்பினும் சட்டத்தமிழில் ‘மறைமுகக் குற்றச்சாட்டு’, ‘உட்பொருள்’ போன்ற விளக்கத் தொடர்களே ஆளப்படுகின்றன.

பழி என்னும் சுமை

பழி என்னும் சொல் இரு திசைகளில் பொருள் தருவது. ஒருவன் செய்த தீச்செயலும் பழி. அவன்மேல் பிறர் சொல்லும் குற்றமும் பழி. பழிக்கு அஞ்சுதல் என்னும் தொடரில் இரண்டும் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன. செய்யாத குற்றத்தைக் குறிக்க ‘வீண்பழி’ என்று அடைகொடுக்க வேண்டியிருப்பதே, அடையற்ற பழி உண்மை பொய் வேறுபாட்டுக்கு வெளியே நிற்பதைக் காட்டும். அதனோடு வரும் வினைகளைத் தொகுத்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: பழி சுமத்துவர், பழி போடுவர், பழியேற்பர், பழி வாங்குவர், பழி தீர்ப்பர், பழி துடைப்பர். சுமையாகவும் கடனாகவும் கறையாகவும் பழி கருதப்படுகிறது. ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறக்கூடிய பொருள் அது.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இம்மாற்றத்தின் கதை எனலாம். பொற்கொல்லன் தன் களவை மறைக்கக் கோவலன்மேல் கள்வன் என்னும் பெயரைச் சுமத்துகிறான். அரசன் ஆராயாமல் அதனை ஏற்கிறான். வழக்குரை காதையில் கண்ணகி கேட்பது கணவனின் உயிரை அன்று, அது திரும்பாது. கள்வன் என்னும் அச்சொல் நீங்க வேண்டும் என்பதே அவளது வழக்கு. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் சான்று வெளிப்பட்டதும், அச்சொல்லைப் பாண்டியன் தன்மேலேயே ஏற்றிக்கொண்டு உயிர் துறக்கிறான். அவ்வளவில் கோவலன் பழியற்றவன் ஆகிறான். இறந்தவரின் நற்பெயரையும் காக்கும் வகையில் 499ஆம் பிரிவின் முதல் விளக்கம் அமைந்துள்ளது. உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் கேடாகியிருக்கும் குற்றச்சாட்டு, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டிருந்தால் அதுவும் குற்றமே. கண்ணகியின் வழக்கைப் படித்தவர்க்கு அவ்விளக்கம் புதுமையாகத் தோன்றாது.

உடலில் பதியும் குறிகளும் இச்சொற்குழுவைச் சேர்ந்தவை. புண் ஆறிய தழும்பைக் குறிக்கும் வடு, திருக்குறளில் பழியையும் குறிக்கிறது (502, 549). மறு என்பது நிலவின்மேல் காணும் கறையோடு ஒப்புமைப்படுத்தப்படுகிறது (957): உயர்ந்த குடியினரின் குற்றம் எல்லோர்க்கும் தெரியும், வானத்து நிலவின் மறுப்போல. பேச்சுத்தமிழ் இதனினும் வெளிப்படையானது. முகத்தில் கரி பூசுதல், சேற்றை வாரி இறைத்தல், பெயரை நாறடித்தல், மூக்கறுத்தல் ஆகிய தொடர்களில் பெயர் என்னும் அருவம் முகமாகவும் மூக்காகவும் உருப்பெறுகிறது.

தூற்றுதலும் அவதூறும்

களத்துமேட்டில் நெல்லை முறத்தில் ஏந்தி உயர்த்திக் காற்றில் விடுவது தூற்றுதல். மணி கீழே விழ, பதர் காற்றோடு போகும். தூறு என்னும் தன்வினைக்குப் பிறவினை தூற்று. மாறு–மாற்று, ஏறு–ஏற்று, தேறு–தேற்று என்பன போல. மழைத் தூறலும் இவ்வடியைச் சார்ந்ததே. சிதறுதல், துளித்துளியாய் விழுதல் என்பது பொதுப்பொருள். நெருங்கியவரின் குற்றத்தையும் தூற்றுவோரைப் புறங்கூறாமை அதிகாரம் சுட்டுகிறது (188). அங்கும் குற்றம் இருப்பது மறுக்கப்படவில்லை. அதனைக் காற்றில் விடுவதே கடியப்படுகிறது. களத்தில் தூற்றுவது நல்லதைத் தங்கவைத்து அல்லதைப் போக்குவதற்கு. மனிதரைத் தூற்றும்போது நிகழ்வது தலைகீழ்: நல்லது மறைய, பதரே ஊரெங்கும் பறக்கிறது. ஆங்கிலத்தில் நற்பெயர்க் கேட்டைக் குறிக்கும் ‘ஆஸ்பெர்ஷன்’ என்னும் சொல் தெளித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து வந்தது. சிதறலைப் பெயர்க்கேட்டோடு இணைத்துக் கண்டதில் தொடர்பற்ற இரு மொழிகள் ஒன்றுபட்டுள்ளன.

அவதூறு என்னும் சொல்லின் பிறப்பு இவ்வளவு தெளிவானதன்று. இதனை அவ + தூறு எனப் பிரித்துத் தூற்றுதலோடு இணைப்பது எளிதில் தோன்றும் விளக்கம். அவம் என்னும் சொல் தவத்துக்கு எதிராகத் திருக்குறளிலேயே (266) வருவதால், இதனைத் தமிழ்க் கூட்டுச்சொல்லாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆனால் புணர்ச்சி இதற்குத் துணைசெய்யவில்லை. மகர ஈற்றுச் சொல்லோடு வல்லினம் புணர்ந்தால் அவச்சொல், அவப்பெயர் என்பன போல ஒற்று மிகும். அம்முறைப்படி ‘அவத்தூறு’ என்றே வந்திருக்க வேண்டும். வழக்கில் உள்ளது மிகாத வடிவம். ஒலிப்பிலும் தகரம் மெலிந்தே ஒலிக்கிறது. அவமானம், அவமதிப்பு என்பவற்றில் உள்ள வடமொழி முன்னொட்டோடு இதனைச் சேர்த்து எண்ணுவதற்கு இது காரணமாகிறது. உதறித் தள்ளப்பட்டது என்னும் பொருளுடைய ‘அவதூதம்’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தினால் முதற்பகுதியின் ஒலி பொருந்தும். இறுதியில் உள்ள றகரம் பொருந்தாது. வந்த சொல் ஒன்று தூறு, தூற்று என்னும் வழங்குசொற்களின் ஈர்ப்பால் உருத்திரிந்திருக்கலாம் என்பது இரு தடைகளையும் ஒருங்கே விளக்கும் கருத்து. மக்கள் வழக்கில் அறியாச் சொல் அறிந்த சொல்லின் சாயலை ஏற்பது அரிதன்று.

பிறப்பு எதுவாயினும் இன்றைய பொருளில் ஐயமில்லை. ‘அவதூறு பரப்புகிறார்’ என்று ஒருவர் கூறினால் ‘சொல்வது பொய்’ என்னும் மறுப்பு அதில் அடங்கியிருக்கிறது. அலரிலும் புறங்கூறலிலும் குறளையிலும் தூற்றுதலிலும் இல்லாத கூறு இது.

சட்டத்தின் சொற்கள்

1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், நற்பெயர்க் கேட்டைப் பேச்சு, எழுத்து என்று பிரிக்கவில்லை. ஆங்கிலப் பொதுச்சட்டம் எழுத்தில் செய்வதை ‘லைபல்’ என்றும் பேச்சில் செய்வதை ‘ஸ்லாண்டர்’ என்றும் பிரித்தது. முன்னது சிறுநூல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தும், பின்னது இடறச்செய்யும் பொறி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. தமிழில் இப்பிரிவுக்கு நேர்ச்சொற்கள் இல்லாமை குறையன்று. இந்தியக் குற்றவியல் சட்டத்துக்கு அவை தேவைப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு பழைய வரையறையை ஏறத்தாழ அப்படியே ஏற்று, ஈராண்டு வரையான வெறுங்காவல், தண்டம் ஆகியவற்றோடு சமூகப் பணியையும் தண்டனையாகச் சேர்த்துள்ளது. இக்குற்றப்பிரிவு அரசமைப்புக்கு முரணானதன்று என்று உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் 2016இல் தீர்ப்பளித்தது. இலங்கையோ 2002இல் நற்பெயர்க் கேட்டைக் குற்றவியல் சட்டத்திலிருந்தே நீக்கியது. அங்கு உரோமன்-டச்சுச் சட்டவழி உரிமையியல் தீர்வே எஞ்சியது.

செய்தித்தாள் தமிழ் இரு தொடர்களை வேறுபடுத்தி ஆள்கிறது. குற்றவியல் வழக்கு பெரும்பாலும் ‘அவதூறு வழக்கு’ எனப்படும். இழப்பீடு கோருவது ‘மானநட்ட வழக்கு’ எனப்படும். இரண்டாவதிலும் ஒரு விலகல் உண்டு. மானம் என்பது தம் நிலையிலிருந்து தாழாமையும், தாழ்வு நேர்ந்தால் உயிர்வாழாமையும் என்று பரிமேலழகர் விளக்குவது அகத்தே நிற்கும் பண்பு. அதனைப் பிறர் சொல்லால் குறைக்க இயலுமா என்பதே ஐயம். சட்டம் காப்பதோ பிறர் மதிப்பில் ஒருவர் பெற்றுள்ள இடத்தை. 499ஆம் பிரிவின் நான்காம் விளக்கம், பிறர் கணிப்பில் ஒருவரின் ஒழுக்கத்தையோ அறிவையோ சாதி, தொழில் சார்ந்த மதிப்பையோ தாழ்த்தாத எதுவும் நற்பெயருக்குக் கேடு ஆகாது என்று வரையறுக்கிறது. அதற்குரிய தமிழ்ச் சொல் பெயர், இசை, புகழ் என்பவற்றின் பக்கம் உள்ளது. மானத்தின் பக்கம் இல்லை. ‘மானபங்கம்’ என்பது பெண்ணின் மீதான வன்கொடுமையைக் குறிக்கும் அளவுக்குப் பொருள் சுருங்கியதும், மானம் என்னும் சொல் உடலையும் உள்ளத்தையும் சார்ந்தது என்பதற்குச் சான்று. ‘பெயர் கெட்டது’ என்று சிற்றூர் மக்கள் சொல்வது, மானநட்டம் என்பதைவிடச் சட்டத்தின் கருத்துக்கு நெருக்கமானது.

உரிமையியல் வழக்கில் உண்மை என்பது முழுமையான காப்பு. குற்றவியலில் அவ்வாறன்று. ஆகவே பொய் என்னும் கருத்தை உட்கொண்ட ‘அவதூறு’ உரிமையியல் வழக்குக்கும், உண்மை பொய் பாராத பழஞ்சொற்கள் குற்றவியல் பிரிவுக்கும் பொருத்தமானவையாகத் தோன்றுகின்றன. நடைமுறை வழக்கோ இதற்கு மாறாக அமைந்துவிட்டது. பிறர் வாழ்க்கையின் உண்மைச் செய்தி ஒன்றைப் பொதுநன்மை ஏதுமின்றி வெளியிட்ட ஒருவர், ‘நான் பொய் சொல்லவில்லையே’ என்ற நம்பிக்கையோடு குற்றவியல் நீதிமன்றத்தில் நிற்க நேர்வது இதனால்தான். அவர் செய்ததற்குத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே தமிழில் பெயர் உண்டு: அலர் தூற்றுதல்.